எத்தியோப்பியாவில் குத்தகை நிலம்: மலிவுக்குக் காரணம் என்ன?

ஆப்பிரிக்காவில் நிலம் தரிசாகக் கிடக்கிறது, குத்தகை மிகக் குறைவு என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். வேகமாக வளர்ந்துவரும் எத்தியோப்பியாவைப் பற்றி இப்படித்தான் பேசப்படுகிறது. பங்கு சேர்ந்து பணம் போட நினைக்கும் விவசாயிகள், காம்பெலாவில் நடந்ததை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

காம்பெலா, எத்தியோப்பியாவின் மேற்குக் கோடியில் பாரோ ஆறு பாயும் தாழ்வான பகுதி. பெங்களூரின் கருட்டூரி நிறுவனம் ரோஜா சாகுபடியில் பேர் பெற்றது. 2010-ல் அது அங்கே 1 லட்சம் ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர் நிலத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர். அன்றைய மதிப்பில் ஏக்கருக்கு 25 ரூபாய்கூட இல்லை!

2011-ல் பாரோ ஆறு பெருகியது. கரை போட்டிருந்தும் மக்காச்சோளம் மூழ்கிப் பெருநஷ்டம். 2015 இறுதியில், 1,200 ஹெக்டேர் மட்டுமே சாகுபடிக்கு வந்துள்ளதாகக் கூறி அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நிறுவனம் அதை ஏற்கவில்லை.

ஆற்றுப் படுகை நிலம் எப்படிப்பட்டது என்று ஏரல் பகுதி வாழை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை அவர்கள் கண்டவர்கள். தவிரவும், காம்பெலா நிலம் சும்மா கிடக்கவில்லை. அனுவாக் மக்கள் அங்கே பயிரிட்டார்கள், நுவேர் மக்கள் மாடு மேய்த்தார்கள். காகிதத்தில்தான் அது தரிசு.

எத்தியோப்பிய அரசியல் சட்டப்படி நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. அங்கே கிரயப் பத்திரம் முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்கக் கூடாது. குத்தகை என்றால் ஒப்பந்தத்தை அடிஸ் அபாபாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விசாரித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

விளைந்தாலும் கவலை தீராது. ஏரலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 30 கிலோமீட்டர். எத்தியோப்பியாவுக்கோ கடற்கரையே கிடையாது. சரக்கு பெரும்பாலும் ஜிபூட்டி நாட்டின் துறைமுகம் வழியாகப் போக வேண்டும். அடிஸ் அபாபாவிலிருந்தே அதற்கு 750 கிலோமீட்டர் ரயில் பாதை, காம்பெலா இன்னும் உள்ளே. உள்ளூரில் விற்றால் கிடைப்பது பிர். 2024 ஜூலையில் டாலருக்கு சுமார் 57 பிர் இருந்தது, சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. ஊருக்கு அனுப்பும் பணம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

பண்ணை மேற்பார்வை வேலைக்குச் செல்லும் இளைஞர்களின் நிலை வேறு. சம்பளம் எந்த நாணயத்தில் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியும், நிலத்தின் நஷ்டத்தால் நிறுவனம் முடங்கினால் அவர்களின் சம்பளமும் நிற்கலாம். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். அது இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் இந்த ஊசி போடப்படுகிறது.