திமிங்கலத்தை விரட்டிய கதை

வானத்தில் ஒரு திமிங்கலம். அதை வலை போட்டுத் தூக்கிச் செல்கின்றன சின்னஞ்சிறு பறவைகள்!

இது குழந்தைகளின் கதைப் படம் அல்ல. "கூட்டம் தாங்கவில்லை. சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று சொல்ல, ட்விட்டர் இணையதளம் காட்டிய படம். வரைந்தவர் யியிங் லூ என்ற பெண் ஓவியர்.

ட்விட்டர் (இன்று அதன் பெயர் எக்ஸ்) 2006-ம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. அப்போது 140 எழுத்துக்குள் ஒரு செய்தி எழுத முடிந்தது. உலகமே அதைப் படிக்கலாம். கூட்டம் குவிந்தது. 2010-ல் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி வந்தது. கோல் விழுந்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் எழுதினார்கள். ட்விட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டது.

யார் மேல் பழி?

"ரூபி ஆன் ரெயில்ஸ்" மேல் பழி விழுந்தது.

ரூபி என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-ல் வெளியிட்டது. அந்த மொழியில், இணையதளம் கட்ட வேண்டிய சாமான்களை ஆயத்தமாகச் செய்து வைத்ததுதான் ரெயில்ஸ். டென்மார்க் நாட்டு டேவிட் ஹைன்மெயர் ஹான்சன் 2004-ல் அதை வெளியிட்டார். வீடு கட்டுகிறவர் ஆயத்தக் கதவை வாங்கி மாட்டுவதில்லையா? அப்படித்தான். மாதக்கணக்கான வேலை சில வாரங்களில் முடிந்துவிடும்.

"சின்னக் கடைக்கு இது சரி. பெரிய கூட்டத்துக்கு ஆகாது" என்று கம்ப்யூட்டர் உலகில் பலர் பேசினார்கள்.

இந்தப் பழி பாதி நியாயம். பாதி அநியாயம்.

ரூபி வேகமான மொழி அல்ல. ட்விட்டரின் ஒரு கம்ப்யூட்டர் ஒரு விநாடியில் 200 அல்லது 300 பேர் கேட்பதற்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. அது நியாயம். ஆனால், புதிய செய்திகள் எல்லாம் ஒரே தலைமைக் கம்ப்யூட்டரில்தான் எழுதப்பட்டன. அதற்கு ரூபி என்ன செய்யும்? கல்யாண வீட்டில் 20 பேர் பரிமாறினாலும், சாதம் வடிக்க ஒரே ஓர் அடுப்புதான் என்றால் பந்தி நகருமா? கூட்டம் ஏற ஏறப் புதிய கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பரிமாறுகிற ஆள் கூடியது. அடுப்பு கூடவில்லை!

விளையாட்டு அல்ல

கால்பந்துச் செய்தி தாமதமானால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால், 2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரும் பூகம்பம் வந்தது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. டெலிபோன் செய்தவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. உற்றார் உறவினர் இருக்கிறார்களா, இல்லையா என்று அறியத் துடித்தவர்கள் பலர் ட்விட்டரைத்தான் நாடினார்கள். அந்த நேரத்தில் திமிங்கலம் வந்து நிற்கலாமா?

பொறியாளர்கள் வேலையைப் பிரித்தார்கள். செய்தியைச் சேமிக்க ஒரு பிரிவு. ஆட்களின் விவரத்துக்கு ஒரு பிரிவு. யாருக்கு எதைக் காட்டுவது என்று பார்க்க இன்னொரு பிரிவு. ஒன்று படுத்தால் மற்றதும் சேர்ந்து படுக்காது. செய்திகளையும் பல கம்ப்யூட்டர்களில் பரப்பி வைத்தார்கள். ரூபியை விட்டு, ஸ்காலா என்ற மொழியில் புதிதாக எழுதினார்கள். ஒரு கம்ப்யூட்டர் விநாடிக்கு 10 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னது! இதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

2013 ஆகஸ்டு மாதம் சோதனை வந்தது, அதுவும் ஜப்பானிலிருந்து. ஹயாவ் மியாசாகி எடுத்த "வானத்துக் கோட்டை" என்ற கார்ட்டூன் படம் டெலிவிஷனில் ஓடியது. முடிவில் ஒரு சிறுவனும் சிறுமியும் கைகோத்து "பல்ஸ்" என்று மந்திரம் சொல்வார்கள். கோட்டை இடிந்து விழும். அதே விநாடியில் ரசிகர்களும் அந்தச் சொல்லை ட்விட்டரில் எழுதுவது அங்கே வழக்கம். வழக்கமாக விநாடிக்கு 5,700 செய்திகள் வரும். அன்று ஒரே விநாடியில் 1 லட்சத்து 43 ஆயிரத்து 199!

கோட்டை இடிந்தது. ட்விட்டர் அசையவில்லை.

ரெயில்ஸை விடாதவர்கள்

"அப்படியானால் ரெயில்ஸ் ஆகாது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கலாம். இல்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் டோபி லுட்கே என்பவர் பனிச்சறுக்குப் பலகை விற்க ரெயில்ஸில் ஒரு கடை கட்டினார். அதுவே வளர்ந்து, 2006-ல் "ஷாப்பிஃபை" ஆயிற்று. எவரும் அதில் கடை வைக்கலாம். அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடி விற்பனை, நம் ஊர் தீபாவளி ஜவுளிக் கூட்டம் போன்றது. 2023-ல் அந்த நான்கு நாட்களில் ஷாப்பிஃபை கடைகளில் நடந்த விற்பனை 930 கோடி டாலர்! தாங்கியது ரெயில்ஸ்தான்.

கடைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள். ரூபியையே வேகமாக ஓட வைக்கும் ஒரு கருவியையும் ஷாப்பிஃபை பொறியாளர்கள் செய்தார்கள். 2021 முதல் அது ரூபியோடு சேர்ந்தே வருகிறது. வேண்டியவர் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.