வயிற்றுக்குள் காற்றைத் தேடும் எக்ஸ்ரே

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்ட ஆண்டு 1900. ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்து அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அந்நகரில் சி.டி. ஸ்கேன் வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் கடும் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு, சில நிமிடங்களில் குறைந்த செலவில் எடுத்துவிடக்கூடிய சாதாரண எக்ஸ்ரே இன்னும் கைகொடுக்கிறது.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் தெரியும். கல்லீரல், குடல்சுவர், ரத்தம் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். அதனால் வயிற்றுப் படத்தில் மருத்துவர் முக்கியமாகத் தேடுவது காற்றை. அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கிறதா?

இரைப்பைப் புண்ணோ டைபாய்டோ குடற்பாதையில் ஓட்டை போட்டுவிட்டால், உள்ளிருக்கும் காற்று வெளியேறி மேலே ஏறும். நோயாளியைச் சில நிமிடம் நிமிர்த்தி உட்கார வைத்துப் படம் எடுத்தால், கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே கறுப்புப் பிறையாக அது தெரியும். வயிறு வலிக்கிறது என்று வந்தவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எழுதித் தருவது இதற்காகத்தான். உட்கார முடியாதவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுப்பார்கள்.

குடல் அடைப்பு வேறு விதம். பழைய ஆபரேஷனின் ஒட்டுத்தழும்பு, குடலிறக்கம், நம் நாட்டில் குடல் காசநோய் ஆகியவை வழியை அடைக்க, பின்னால் தேங்கும் காற்றில் குடல் உப்பும். சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6 செ.மீ., அதன் தொடக்கப் பை 9 செ.மீ.; இவற்றைத் தாண்டினால் எச்சரிக்கை. பெருங்குடலின் கடைப்பகுதி முறுக்கிக்கொண்டால் படத்தில் பெரிய காப்பிக்கொட்டை போன்ற உருவம் விழும். மருத்துவ நூல்களிலும் அதற்கு அதே பெயர்தான்.

குடல்வால் அழற்சியையும் கணைய அழற்சியையும் இந்தப் படம் பெரும்பாலும் காட்டாது. ஓட்டை விழுந்தும் காற்று தெரியாமல் போவதுண்டு. அங்கேதான் அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் தேவைப்படுகின்றன. வயிற்று எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சி.டி.யில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் கர்ப்பமாக இருக்கலாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற சொல்லை நம்பி வலியோடு வீட்டில் காத்திருக்கக் கூடாது. வயிறு இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலமும் வாயுவும் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் சோதனையோடு சேரும்போதுதான் அந்தப் படத்துக்கு முழுப் பொருள்.