மில் வாசல் மரத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். திருவாரூர் பக்கம் எனக்குப் பழக்கமான ரைஸ் மில் உரிமையாளர் ஒருவர் போன் செய்தார். “வாசல்ல நிக்கிற தூங்குமூஞ்சி மரத்துல கொம்பு ஒண்ணு முறிஞ்சு டிராக்டர் டிப்பர் மேல விழுந்துடுச்சு சார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு, தப்பிச்சாரு. மரத்தையே வெட்டிடலாம்னு இருக்கேன். மர வியாபாரியும் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு.” காற்று பலமாக இருந்ததா என்று கேட்டேன். “மத்தியானம் மூணு மணி, இலைகூட அசையல” என்றார்.

அவருடைய தந்தை மில் கட்டிய ஆண்டில் நட்ட மரம் அது. நெல் மூட்டையோடு வருகிற விவசாயிகள் தங்கள் முறை வரும்வரை தலைசாய்ப்பது அதன் நிழலில்தான். வெட்டுவதானால் ஒரு நாள் வேலை. அப்படியே விட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் வந்து பார்க்கும்வரை வெட்ட வேண்டாம், ஆனால் மரத்தடியில் வண்டியையோ ஆளையோ நிறுத்தவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

நான் படித்தது உழவியல். நெல்லும் உளுந்தும்தான் என் பாடம். மரங்களின் பக்கம் என்னைத் திருப்பியது 2018 நவம்பரில் வந்த கஜா புயல். சாய்ந்த தென்னையைக் கணக்கெடுக்கப் போன இடமெல்லாம், கல்யாண மண்டபத்தின் கூரையிலும் உரக்கிடங்கின் மேலும் மரங்கள் கிடந்தன. அதற்கு முன் 2011 டிசம்பர் கடைசியில் கடலூரைத் தாக்கிய தானே, 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா ஆகியவற்றிலும் இதே கதைதான். தோப்பில் விழும் மரத்தால் பொருள் நஷ்டம். நாலு பேர் கூடுகிற இடத்தில் விழும் மரத்தால் உயிர் போகும். அதனால்தான் மில், மண்டபம், பெட்ரோல் பங்க், ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், கொள்முதல் நிலையம் போன்ற இடங்களில் நிற்கும் மரங்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்கிறேன். இவற்றில் பலவற்றை நடத்துவதும் விவசாயிகள்தான்.

முதலில் நோட்டு, பிறகு அரிவாள்

மில்லுக்குப் போனதும் ரம்பத்தைத் தேடவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். வளாகத்தில் மொத்தம் 14 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயிண்டால் எண் எழுதினோம். ஆணி அடித்துத் தகடு மாட்டக் கூடாது. எண், மரத்தின் பெயர், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு, கண்ணில் படும் குறை, செய்ய வேண்டிய வேலை, செய்த தேதி என்று பத்திகள் பிரித்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமான பத்தி இன்னொன்று: ‘கீழே என்ன இருக்கிறது?’

பலரும் மரத்தைத்தான் பார்க்கிறார்கள், மரத்தடியைப் பார்ப்பதில்லை. மில்லின் பின்பக்கம் உமி கொட்டும் இடத்தில் பாதி பட்டுப்போன பூவரசு ஒன்று நின்றது. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை, அது காத்திருக்கலாம். எடைமேடைக்கு மேலே நீண்டிருந்த கிளை பார்வைக்குப் பச்சையாக, நன்றாக இருந்தது. ஆனால் அதன் கீழே காலை முதல் மாலைவரை ஆட்கள் நிற்கிறார்கள். கையில் இருக்கிற பணத்தை முதலில் செலவழிக்க வேண்டியது எடைமேடைக் கிளைக்குத்தான். ஒடியும் வாய்ப்பு எவ்வளவு, ஒடிந்தால் யார் மேல் விழும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 14 மரங்களில் உடனடி வேலை நான்குக்குத்தான் இருந்தது. செலவும் அந்த அளவுக்குக் குறைந்தது.

குறையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அடிமரத்தில் விசிறிபோல் காளான் முளைத்திருக்கிறதா, வேர்ப்பக்கத்து மண் ஒரு புறம் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, இரண்டு கிளைகள் நெருக்கி ‘வி’ வடிவில் பிரியும் கவட்டில் விரிசல் இருக்கிறதா, காய்ந்த கொம்பு தொங்குகிறதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினால் கெட்டியான இடமும் பொந்தான இடமும் வெவ்வேறு ஒலி தரும். பொந்து இருந்தாலே மரம் விழும் என்று எண்ண வேண்டாம். மரத்தின் பாதி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சுற்றிலும் நல்ல மரம் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். 42 அங்குல விட்டமுள்ள மரத்துக்கு 7 அங்குலம் என்பது கணக்கு. பொந்துக்கு வெளியே பெரிய வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அலுவலக வாசலில் மஞ்சள் பூப் பூத்து நின்ற இயல்வாகைதான் எனக்குக் கவலை தந்தது. அதன் தூரில் பழுப்பு நிறக் காளான் தட்டுகள் நான்கு. இது கானோடெர்மா. நம் தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருகிற பூசண இனம் இதுவே. புங்கன், மயில்கொன்றை, சவுக்கு என்று பல மரங்களின் வேரையும் தூரையும் தின்னும். மேலே பச்சை குறையாமல் இருக்கும்போதே கீழே பிடிமானம் போயிருக்கும். “பூத்துக் குலுங்குதே சார், இதைப் போய் வெட்டச் சொல்றீங்களே” என்று உரிமையாளர் வருத்தப்பட்டார். அவர் வெட்ட நினைத்தது தூங்குமூஞ்சியை, நான் வெட்டச் சொன்னது இயல்வாகையை. வெட்டிப் பார்த்தபோது தூரின் உட்பகுதி ஈரப் பஞ்சுபோல் பொதபொதவென்று இருந்தது.

வேரைக் கொன்றுவிட்டு கிளையைக் குறை சொல்வதா?

தூங்குமூஞ்சியின் கிளை ஏன் முறிந்தது? கிடையாக வெகுதூரம் ஓடும் கனத்த கிளை, நுனியில் மட்டும் இலைப்பாரம். இப்படிப்பட்ட கிளைகள் காற்றே இல்லாத பகலிலும் திடீரென ஒடிவதுண்டு. அதோடு மூன்று ஆண்டுகளுக்கு முன் நெல் காயப்போடுவதற்காக அடிமரத்தை ஒட்டி கான்கிரீட் களம் போட்டிருக்கிறார். மழைநீர் வடிகாலுக்காக ஜேசிபி வைத்து ஒரு பக்கம் பள்ளமும் தோண்டியிருக்கிறார்.

ஒரு மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை, இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. ஆணிவேர் பாதாளம்வரை போய்த் தண்ணீர் கொண்டுவரும் என்று நம்பி மேல்மண்ணை மூடிவிடுகிறோம். பாதுகாக்க வேண்டிய வேர்ப் பரப்புக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அடிமர விட்டம் எத்தனை அங்குலமோ, அத்தனை அடி ஆரம். அந்த மரத்தின் சுற்றளவு 11 அடி, விட்டம் ஏறக்குறைய 42 அங்குலம். அப்படியானால் 42 அடி ஆரத்துக்கு மண்ணை இறுக்கவோ தோண்டவோ கூடாது. எந்த மில்லிலும் இது நடக்கிற காரியமில்லை என்பது எனக்கும் தெரியும். குறைந்தது 15 அடிக்கு கான்கிரீட்டை உடைக்கச் சொன்னேன். பேரம் பேசி, ஆறடிக்கு ஒத்துக்கொண்டார். அந்த ஆறடி வட்டத்தில் மண்ணைக் கிளறாமல், இலைச்சருகையும் நொறுக்கிய கிளைத்தூளையும் மூன்று அங்குலத்துக்குப் பரப்பினோம். அடிமரத்தை ஒட்டி அல்ல, ஒரு சாண் இடைவெளி விட்டு.

வடிகால் பள்ளம்தான் பெரிய தவறு. ஒரு பக்கத்து வேரை வெட்டிவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து வீசும் காற்று மரத்தை மறுபக்கம் சாய்த்துவிடும். தோண்டியே ஆகவேண்டுமானால் மரத்தைச் சுற்றிப் போகலாம். அல்லது கடப்பாரையால் கையால் தோண்டி, பெரிய வேரைத் தொடாமல் அதற்குக் கீழே குழாயை நுழைக்கலாம்.

ஒவ்வொரு தொழிலிடத்துக்கும் மரத்தைக் கொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மில்லில் சுடுதண்ணீரும் உமிச்சாம்பல் குவியலும். மண்டபத்தில் வடித்த கஞ்சி, பழைய எண்ணெய், அடிமரத்தை ஒட்டிய கோட்டை அடுப்பு. போதாக்குறைக்கு சீரியல் விளக்குக் கம்பியை இறுக்கிக் கட்டி அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து, அந்த இடத்திலேயே கிளை ஒடியும்.

மொட்டையடிப்பது கவாத்து அல்ல

மழைக்கு முன் மரத்தை உச்சியோடு மொட்டையடிப்பது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். அவை மரத்தின் உள்ளிருந்து வளராமல் பட்டைக்கு அருகிலிருந்து கிளம்புவதால் பிடிப்பு குறைவு. ஐந்தாறு ஆண்டில் அவையே கனத்துப் பிய்ந்து விழும். இன்று மொட்டையடித்தவர் நாளைய விபத்துக்கு நாள் குறிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பச்சைக் கிளைகளில் ஒரு பருவத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்தில் இன்னும் குறைவாக எடுக்க வேண்டும். நீண்ட கிளையை முழுதாக வெட்டாமல், வெட்டுமிடத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை வரை குறைத்தால் நுனிப்பாரம் இறங்கிவிடும். எடைமேடைக் கிளைக்கும், வண்டி நிற்கும் பக்கத்து இரண்டு கிளைகளுக்கும் இதைத்தான் செய்தோம்.

கனமான கிளையை எடுக்க மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி கீழ்ப்பக்கம் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். பிறகு மீதமுள்ள கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதிக்கு வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கழுத்தில்தான் காயத்தை மூடும் திசு இருக்கிறது. அடிமரத்தோடு வழித்து வெட்டினால் அதுவும் போய்விடும். முளைபோல் நீட்டி விட்டால் அழுகல் உள்ளே இறங்கும். அமெரிக்க வன நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான். மரம் காயத்தை நம் தோல்போல் ஆற்றிக்கொள்வதில்லை, சுவர் எழுப்பி உள்ளே ஒதுக்கி வைக்கிறது. தார், பெயிண்ட் பூசுவதால் பயன் இல்லை. பூசண நோய் உள்ள இடத்தில் போர்டோ பசை தடவுவதை நான் தடுப்பதில்லை, ஆனால் தப்பான வெட்டை எந்தப் பசையும் சரிசெய்யாது.

வேம்பின் நுனி காய்வதைப் பார்த்து பதறி வெட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்துக்குப் பின் தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சியும் போமாப்சிஸ் பூசணமும் சேர்ந்து தளிர்களைக் கருக்கிவிடும். மரமே பட்டதுபோல் தெரியும். பெரும்பாலான மரங்கள் பங்குனி, சித்திரையில் மீண்டும் துளிர்த்துவிடும். அதுவரை காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்தால் போதும்.

வேலையை யாரிடம், எப்போது கொடுப்பது?

மரத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவரும், வெட்டிய மரத்தை விலைக்கு எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மர வியாபாரியைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது. கட்டையில்தான் அவருக்குக் காசு, கிளையைக் குறைப்பதில் இல்லை. ஆலோசனைக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையும், கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையும் அணுகலாம்.

வேலைக்கு வருபவரிடம் ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். எந்த எண் மரத்தில் எந்தக் கிளை, எதுவரை, கட்டை யாருக்கு, குப்பையை யார் அள்ளுவது, ஏறுபவருக்குத் தலைக்கவசம், இடுப்புக் கயிறு, விபத்துக் காப்பீடு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் ஆணிச் செருப்பு போட்டு ஏற விடாதீர்கள். மின்கம்பி அருகே என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரம் நிறுத்தியதை உறுதிசெய்த பிறகே ஏற வேண்டும். ஈரக் கிளை கம்பியைத் தொட்டால் போதும், ஆள் தொட வேண்டியதில்லை. மதில் சுவருக்கு வெளியே சாலையோரம் நிற்பது நெடுஞ்சாலைத் துறை அல்லது உள்ளாட்சிக்குச் சொந்தம், அனுமதி வேண்டும். சந்தனமரம் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறை அனுமதியின்றி வெட்டக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை, டெல்டாவிலும் கடலோரத்திலும் ஆடியில் ஆய்வு, ஆவணிக்குள் கவாத்து, புரட்டாசி பிறக்கும்போது தென்னையின் முற்றிய காயும் காய்ந்த மட்டையும் இறக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். ஆடிக்காற்று பலமாக வீசும் கோவை, திருப்பூர், தேனி, தென்காசிப் பக்கங்களில் ஆய்வைச் சித்திரைக்கே கொண்டுவந்து, வைகாசிக்குள் வேலையை முடிக்க வேண்டும். பறவைக் கூடு இருக்கும் கிளையை, ஆபத்து இல்லையென்றால், குஞ்சு பறக்கும்வரை விடலாம்.

இயல்வாகை நின்ற இடத்துக்குப் பதினைந்து அடி தள்ளி மகிழம் கன்று ஒன்றும், மின்கம்பிக்குக் கீழே சரக்கொன்றையும் வைத்தோம். கன்றை நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து, அடியில் சுருண்டு வளர்ந்த வேரைக் கத்தரித்துவிட வேண்டும். சுருண்ட வேரோடு நட்ட மரம் இருபது வருடம் நிழல் தந்துவிட்டு, ஒரு புயலில் பானையிலிருந்து கழன்ற செடிபோல் சாயும்.

இந்த ஆடியில் போனபோது தூங்குமூஞ்சியின் கான்கிரீட் வட்டம் எட்டடி ஆகியிருந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே இரண்டடி உடைத்திருக்கிறார். நோட்டில் எண் 3-க்கு நேரே, வடிகால் பக்கத்து மண்ணில் புது வெடிப்பு எதுவும் இல்லை என்று மில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் எழுதியிருந்தது. வண்டிகளை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்த வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். டிரைவர்கள்தான் நிழலைத் தேடி கோட்டைத் தாண்டி வந்துவிடுகிறார்களாம்.