காமன் பொட்டலுக்கு எத்தனை சுவர் வேண்டும்?

லிந்துலைத் தோட்டங்களுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் கட்டினால் அது எப்படி இருக்க வேண்டும்? மண்டபம், மேடை, முகப்பில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிலை என்றுதான் முதலில் தோன்றும். சிலையை நாம் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

ஆனால் தோட்டத்து மக்கள் ஆடும் காமன் கூத்துக்கு மேடை கிடையாது. மாசி வளர்பிறையில் பொட்டலில் கம்பம் ஊன்றுகிறார்கள். ரதியும் மன்மதனும் வேடம் கட்டி, தப்பு முழங்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போகிறார்கள். காமன் எரிவதும் உயிர்த்தெழுவதும் அதே பொட்டலில்தான். மண்டபத்துக்குள் கொண்டுபோனால் இது அரை மணி நேரக் கலைநிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும்.

புதிதாகக் கட்டாமல், இருக்கும் கட்டடத்தைக் கொண்டே கதை சொல்லவும் முடியும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமானது. இயந்திரங்களும் தேயிலைத் தோட்ட முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே இடம்பிடித்தன. கொழுந்து பறித்தவர்களின் கதைக்கு வேறிடம் வேண்டியிருந்தது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தின் லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. ஒரு குடும்பமே ஒற்றைக் காம்பராவில் படுத்தெழுந்ததை விளக்க அங்கே எழுத்துப் பலகை தேவையில்லை. உள்ளே நின்றால் போதும்.

நிலத்தையே கதையாக்கிய உதாரணம் பசிபிக்கில் இருக்கிறது. நியூ கலிடோனியாவின் கனாக் மக்களுக்காக ரென்சோ பியானோ வடிவமைத்த ஜிபாவு பண்பாட்டு மையம் 1998இல் திறக்கப்பட்டது. அவர்களின் முதல் மனிதனான தேயா கனாக்கேயின் கதை, அங்கே செடிகொடிகளின் ஊடே செல்லும் நடைபாதையாக விரிகிறது. நடந்தால் கதை புரியும்.

நம்மிடம் அந்தப் பாதை பாதி தயாராக இருக்கிறது. காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா, ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலையை ஒட்டிக் காவல் தெய்வம் ரோதமுனி. மடக்கொம்பரையில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார். தாலாட்டைப் பிள்ளைக் காம்பராவிலேயே கேட்க வைக்கலாம். புதிதாகக் கட்ட வேண்டியது மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், ஒலிப்பதிவுகளை ஈரம் தாக்காமல் வைக்க ஓர் அறையும் மட்டுமே. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால், அதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சிக்கல் காணியில் இருக்கிறது. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். பொட்டலை அளந்து, தோட்டத்து மக்களின் பெயரில் எழுதிக் கொடுக்காதவரை, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே நாளைக்கே தேயிலைக் கன்று நடலாம்.