நினைவு அட்டைக்கு ஒரு வெள்ளோட்டம்

ஆகஸ்டில் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெற்ற பாடம், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும்போது பெரும்பகுதி மறந்துபோயிருக்கும். 'எனக்கு ஞாபகசக்தி குறைவு' என்று உங்களை நீங்களே நொந்துகொண்டும் இருப்பீர்கள். கவலை வேண்டாம், மறதி எல்லாருக்கும் பொது. அதுமட்டுமன்று, அது ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே நடக்கிறது. அந்த ஒழுங்கைக் கணக்கிட்டு, உரிய நாளில் உரிய கேள்வியை நம்மிடம் கேட்கும் கணிப்பொறி மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது 'ஆன்கி'. அது எவ்வாறு இயங்குகிறது, அதன் புதிய பதிப்பை வெளியிடுமுன் ஏன் வெள்ளோட்டம் விடுகிறார்கள் என்பதை இங்கே காண்போம்.

மறதியை அளந்தவர்

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானிய உளவியல் அறிஞர் எர்மான் எபிங்ஹவுஸ். அவருடைய சோதனைக்கு ஆள் அவரேதான்! பொருளற்ற அசைகளைப் பட்டியலாக எழுதி, பிழையின்றி ஒப்பிக்கும்வரை படிப்பார். பழகிய சொற்களானால் முன்பே தெரிந்த செய்திகள் துணைக்கு வந்துவிடும். ஆகவேதான் பொருளற்ற அசைகள். சிறிது காலம் கழித்து அதே பட்டியலை மீண்டும் படிப்பார். முதன்முறையைவிட இப்போது எத்தனை நேரம் மிச்சமாயிற்று என்று பார்ப்பார். அந்த மிச்சம்தான் மனத்தில் தங்கிய நினைவின் அளவு.

1885இல் அவர் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். சுமார் 20 நிமிடத்திற்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடு. 31 நாட்களுக்குப் பின் 21 விழுக்காடு. முதல் நாளில் செங்குத்தாகச் சரியும் நினைவு, பிறகு மெல்ல மெல்லத்தான் குறைகிறது. அப்படியானால், சரிவு முற்றுமுன் ஒருமுறை நினைவுகூர்ந்தால் என்ன? நினைவு மீண்டும் மேலேறும். அடுத்த சரிவும் முன்னிலும் மெதுவாக இருக்கும். இடைவெளி விட்டுப் படிப்பதன் இரகசியம் இதுவே.

இங்கே இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதும் ஒன்றல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் உரைப் பகுதியைப் படித்தபின் ஒரு பிரிவினர் அதையே மீண்டும் வாசித்தனர். மறு பிரிவினர் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப் பின் வைத்த தேர்வில் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. நினைவிலிருந்து எழுதியவர்கள் சுமார் 56 விழுக்காடும், மீண்டும் வாசித்தவர்கள் சுமார் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர்.

பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு

இவ்விரண்டு உண்மைகளையும் ஒன்றாகப் பயன்படுத்துவதே நினைவு அட்டை. ஒரு பக்கத்தில் 'பாதரசத்தின் அணு எண் என்ன?' என்ற கேள்வி. மறுபக்கத்தில் '80' என்ற விடை. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இந்த அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் வைத்துப் படிக்கும் முறையைத் தம் நூலில் விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னால் உள்ள அறைகளை நீண்ட இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும்.

1987இல் போலந்து நாட்டு மாணவர் பியோட்டர் வோஸ்னியாக் இதைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். அவர் வகுத்த விதி எளியது. புதிய அட்டையை முதலில் 1 நாள் கழித்தும், அடுத்து 6 நாள் கழித்தும் கேட்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்திய இடைவெளியை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் தொடக்கத்தில் 2.5, அட்டை கடினமாக இருந்தால் எண் குறையும், எளிதாக இருந்தால் கூடும். மாறாமல் 2.5 ஆகவே இருந்தால் இடைவெளிகள் 1, 6, 15, 38, 95, 238 நாட்கள் என்று வளரும். கூட்டிப் பாருங்கள்: 393 நாட்கள். அதாவது ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஆறே முறை கேட்டால் போதும்!

2006இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் வெளியிட்ட ஆன்கி இந்த விதியைத் தழுவியே அமைந்தது. 'ஆன்கி' என்பது ஜப்பானியச் சொல். மனப்பாடம் செய்தல் என்று பொருள். கணிப்பொறிக்கான ஆன்கி ஒரு திறந்த மூல மென்பொருள். கணிப்பொறி செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய ஆணைகளுக்கு மூல நிரல் என்று பெயர். பல வணிக மென்பொருள்களில் அது மறைத்து வைக்கப்படும். திறந்த மூல மென்பொருளிலோ அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை உரிம விதிகளின்படி பிறருக்கும் வழங்கலாம். நம் வீட்டுச் சமையல் குறிப்பைப் பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுப்பது போன்றது இது.

வெள்ளோட்டம் எதற்கு?

புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். சக்கரம் சரியாக உருள்கிறதா, அச்சு தாங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். மென்பொருளுக்கும் அப்படியே. எல்லாருக்கும் உரிய பதிப்பை வெளியிடுமுன், விருப்பமுள்ளோர் பயன்படுத்திக் குறை சொல்வதற்காக ஒரு சோதனை வெளியீடு தரப்படும். இதைப் பீட்டா என்பார்கள்.

2023இல் ஆன்கியின் 23.10 என்ற பதிப்பு வெளிவருமுன் இத்தகைய சோதனை வெளியீடுகள் வந்தன. அந்தப் பதிப்பில் ஒரு பெரிய மாறுதல் இருந்தது. ஜாரெட் யே என்பவர் உருவாக்கிய புதிய கணக்கீட்டு முறை, பழைய முறையோடு விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டது. இந்த முறை ஒவ்வோர் அட்டைக்கும் மூன்று செய்திகளைக் கணிக்கிறது: அட்டை எவ்வளவு கடினம், நினைவு எவ்வளவு உறுதி, இன்று கேட்டால் நினைவுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு. நினைவுக்கு வரும் வாய்ப்பு 100 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாகக் குறைய எத்தனை நாள் ஆகுமோ, அதுவே உறுதியின் அளவு.

இதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? கூட்டல் தவறாகப் போடும் கணக்குப் பொறியை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். நினைவு அட்டை மென்பொருளின் தவறு அப்படி வெளியே தெரியாது. ஓர் எடுத்துக்காட்டை நாமே கற்பித்துக்கொள்வோம். பழைய விதியில் 2.5 என்று இருக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக 2.8 என்று பதிவாகிவிட்டது. முதல் இரண்டு இடைவெளிகளிலும் மாற்றமே இல்லை: 1, 6. மூன்றாவது, 15க்குப் பதில் 17, இரண்டு நாள்தானே! நான்காவது, 38க்குப் பதில் 48. ஐந்தாவது, 95க்குப் பதில் 135. இப்போது வேறுபாடு 40 நாட்கள். அதற்குள் விடை மறந்திருக்கலாம். மாணவனோ மென்பொருளைச் சந்தேகிக்க மாட்டான். தன் மூளையைத்தான் குறை கூறுவான். நடுவில் தேர்வும் வந்து போயிருக்கும்.

அப்படியானால் பல மாதம் காத்திருந்துதான் இதைச் சோதிக்க முடியுமா? அதற்கும் வழி உண்டு. நாம் அட்டைக்கு விடை சொல்லும் ஒவ்வொரு முறையும், நாளும் விடையின் தரமும் ஆன்கியில் பதிவாகின்றன. இந்தப் பழைய பதிவுகளின் முற்பகுதியை மட்டும் புதிய முறைக்குக் கொடுத்து, பிற்பகுதியைக் கணிக்கச் சொல்லலாம். '90 விழுக்காடு வாய்ப்பு' என்று அது கூறிய அட்டைகளில் 1,000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஏறத்தாழ 900க்குச் சரியான விடை வந்திருந்தால் கணிப்பு நன்று. 780க்குத்தான் வந்தது என்றால், முறை நம் நினைவாற்றலை மிகைப்படுத்துகிறது என்று பொருள். நடந்து முடிந்ததைக் கொண்டே நடக்கப்போவதைச் சோதிக்கும் நல்ல உத்தி இது.

ஆனாலும் பழைய பதிவுகளால் எல்லாவற்றையும் சோதித்துவிட முடியாது. நள்ளிரவு தாண்டிப் படிப்பவருக்கு எப்போது நாள் மாறுகிறது? (ஆன்கியில், நாமாக மாற்றாதவரை, அதிகாலை 4 மணிக்குத்தான் புதிய நாள் தொடங்கும்.) தமிழ் எழுத்துகள் திரையில் ஒழுங்காகத் தெரிகின்றனவா? பழைய கணிப்பொறியில் ஓடுகிறதா? இவற்றை அறியப் பலவகைப் பயனாளர்கள் வேண்டும். ஆகவே சோதனை வெளியீட்டில் பங்குகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூர்ந்து கவனிக்கத் தெரிந்தால் போதும்.

நீங்கள் சோதிப்பதானால்

மூன்று விதிகளை மறவாதீர்கள். முதலாவது, உங்கள் அட்டைகளுக்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பல மாத உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. சோதனை வெளியீடு என்றாலே கோளாறு வரலாம் என்றுதான் பொருள். இரண்டாவது, பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் சோதனை வெளியீட்டை நம்பிப் படிக்க வேண்டாம். நிலையான பதிப்பே போதும். மூன்றாவது, குறை கண்டால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பதிப்பு எண்ணுடன் வரிசையாக எழுதுங்கள். உங்கள் ஆய்வகக் குறிப்பேடும் அப்படித்தானே அமைகிறது?

கணிப்பொறி இல்லையே என்று வருந்த வேண்டாம். பழைய அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்களை வெட்டி 20 அட்டைகள் செய்யுங்கள். தனிமங்களின் அணு எண்களை எழுதுங்கள். காலிச் செருப்புப் பெட்டியை மூன்றாகத் தடுத்து, முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை வாரம் ஒருமுறையும் பாருங்கள். விடையைப் புரட்டுமுன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை சரி, எத்தனை தவறு என்று குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் மறதியின் வரைபடத்தை நீங்களே வரைந்துவிடலாம். எபிங்ஹவுஸுக்கும் கையில் இருந்தவை பட்டியலும் கடிகாரமும் பொறுமையும்தானே!