நீதிபதியும் கைதியும் ஒரே மேஜையில்

திருட்டு வழக்கில் மாட்டியவனுக்குக் கதைப் புத்தகம் கொடுத்தால் திருந்திவிடுவானா? நம் சங்க நூலகத்தில் யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நீதிபதி இதைச் செய்தே பார்த்துவிட்டார்.

நியூ பெட்ஃபோர்டு நகர நீதிபதி ராபர்ட் கேன், ஒரே ஆட்கள் சிறைக்குப் போவதும் வெளியே வந்து மறுபடி கூண்டில் நிற்பதுமாக இருப்பதைக் கண்டு சலித்தவர். அவருடைய நண்பர் ராபர்ட் வாக்ஸ்லர், ஆங்கில இலக்கியப் பேராசிரியர். இருவரும் சேர்ந்து 1991-இல் ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். முதல் குழுவில் எட்டு ஆண்கள். அவர்கள் மீது மொத்தம் 142 தண்டனைத் தீர்ப்புகள்! சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்ட இவர்கள், நாவல்களைப் படித்து வந்து அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

வகுப்பு நடந்தது பல்கலைக்கழகத்து அறையில். நீதிபதியும் நன்னடத்தை அதிகாரியும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து அதே மேஜையில் உட்கார்ந்தார்கள். சூட்சுமமே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நீதிமன்றத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியிராதவன், இங்கே ஜாக் லண்டன் படைத்த கப்பல் தலைவன் செய்தது சரியா, தவறா என்று நீதிபதியோடு வாதாடலாம். அவனுடைய சொந்தக் கதையை யாரும் துருவிக் கேட்பதில்லை. கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசப் பேச, அது தானாக வெளியே வரும். ஹெமிங்வேயின் கிழவரைப் படித்த ஒருவர், பழைய சகவாசம் இழுத்த தெருவில் நின்றபோது தோற்றும் விடாத அந்தக் கிழவரை நினைத்துத் தம் வழியே நடந்துவிட்டதாகச் சொன்னாராம்.

1992-இல் லின் நகரில் பெண்களுக்கும் குழு தொடங்கியது. நடத்தியவர் ஜீன் டிரவுன்ஸ்டைன். அதற்கு முன்பே ஃப்ரேமிங்ஹாம் பெண்கள் சிறையில் கைதிகளை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டவர்.

பலன்? முதல் நான்கு குழுக்களின் 32 ஆண்களில் மறுபடி தண்டனை பெற்றவர்கள் சுமார் 19 சதவிகிதம். வகுப்புக்கு வராத, இவர்களைப் போன்ற வேறு 40 பேரில் 45 சதவிகிதம். சிறிய எண்ணிக்கைதான். திருந்தும் மனம் உள்ளவர்களே வகுப்புக்கு வந்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பிரேசில் 2012-இல் வேறு வழியில் போனது. ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தண்டனையில் 4 நாள் குறையும். ஆண்டுக்கு 12 புத்தகம், 48 நாள் வரை. ஆனால் அந்த விதி கேட்டது எழுத்தை மட்டுமே. எதிரே உட்கார்ந்து "நீ சொல்வது தப்பு" என்று மறுத்துப் பேச நீதிபதி இல்லை.