பிள்ளைகளோடு ஏறுவதற்கு ஒரு பழைய படகு

பெங்களூரில் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள், சனி ஞாயிறைத் தண்ணீரில் கழிக்கலாமே என்றொரு நினைப்பு. புதுப் படகின் விலையைக் கேட்டதும் கை தானாக ஓ.எல்.எக்ஸ் பக்கம் போகும். ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு முறை காற்றடித்து, பிறகு பரணில் ஏற்றிய ரப்பர் படகு. கோவாவிலோ ஹொன்னாவரிலோ வாடகைக்கு ஓடித் தேய்ந்த கயாக். யாரோ பண்ணைக் குட்டையில் போட்டிருந்த பைபர் படகு. பழைய படகு என்று தேடினால் வருபவை பெரும்பாலும் இந்த மூன்று வகைதான். மிதக்கும்போது எல்லாமே நல்ல படகுதான். உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகு அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அதில் பிள்ளைகளை ஏற்றலாமா என்று சொல்ல முடியும்.

அதற்கும் முன்னால், எந்தத் தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள்? பெங்களூருக்குள் ஆறு என்று பெயருக்கு விருஷபாவதி உண்டு. அதில் ஓடுவது கழிவுநீர். அல்சூர் ஏரியில் ராணுவத்தின் எம்.இ.ஜி. பொறியாளர் படைத் தம்பிகள் பாய்மரப் படகு பழகுவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நகர ஏரிகளில் சொந்தப் படகை நினைத்தபடி இறக்க முடியாது. அனுமதியே கிடைத்தாலும் அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. 2016 மார்ச்சில் இதே அல்சூரில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பற்றியே எரிந்தது. கையைத் தண்ணீரில் விட்டு வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது.

ஊருக்கு வெளியே போனால் அர்க்காவதியில் மஞ்சனபெலே அணை. பார்க்க அழகு; ஆனால் அங்கே ஆள் மூழ்கியதாகச் செய்தி வராத ஆண்டு அரிது. பீமேஸ்வரி பக்கத்துக் காவிரி, வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஓடுகிறது. வனத்துறையின் அனுமதி வேண்டும், முதலையும் உண்டு. ஆக, நடைமுறையில் மிஞ்சுபவை தெரிந்தவர் பண்ணைக் குட்டை, அனுமதியோடு நடக்கும் நீர்விளையாட்டு மையங்கள், சாகர் அருகே லிங்கனமக்கி நீர்த்தேக்கத்தின் ஹொன்னேமரடு போன்ற இடங்கள், தமிழ்நாட்டுக் கடற்கரையின் உப்பங்கழிகள். பெரும்பாலானவை பல மணி நேரக் கார்ப் பயணம். டிரெய்லர் என்றால் அதற்குத் தனியே பதிவு வேண்டும், அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இன்னொரு இடமும் வேண்டும். எனவே பெங்களூர்க்காரருக்கு ஏற்றது மடித்து டிக்கியில் வைக்கிற படகு, அல்லது இரண்டு பெரியவர்கள் தூக்கிக் கார் கூரையில் ஏற்றுகிற படகு. இந்த ஒரு கணக்கிலேயே பாதி விளம்பரங்கள் கழன்றுவிடும்.

அடுத்து, எத்தனை பேர் ஏறலாம் என்பது. அடிக் கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15-ஆல் வகுத்தால் எத்தனை பேர் என்று வரும். அமெரிக்கர்கள் சிறு படகுக்கு வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. 10 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 45, மூன்று பேர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 12 அடிக்கு 5 அடி வேண்டும். பிள்ளைகளை அரை ஆளாக எண்ணலாமே என்று விற்பவர் சொல்வார். நான் ஒப்பமாட்டேன். பெரியவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கொக்கைக் கண்டால் எழுந்து மறுபக்கம் ஓடும்.

அந்த ஓட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குத் தேக்கடி சாட்சி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே கவிழ்ந்த ஜலகன்யகா, மாடி வைத்த படகு. விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அது சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர் மூழ்கினார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக்கியது. பழைய படகு வாங்குகிறவர் இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கூரை போட்டது, இருக்கையை உயர்த்தியது, அகலப் பலகை சேர்த்தது என்று யாரோ கை வைத்த படகை விற்பவர் ‘வசதி’ என்று காட்டுவார். எடை மேலே ஏறினால் படகு சாய்வதும் சுலபமாகிவிடும். படகு கட்டிய பட்டறையிலிருந்து வந்த உருவத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பாருங்கள்.

சாய்வைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்து எடை முழுவதையும் பெரியவர்களாகவே ஏற்றுங்கள். எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தால் தண்ணீருக்கும் படகின் மேல்விளிம்புக்கும் இடையே ஒரு சாணாவது இருக்க வேண்டும். இருவர் ஒரே பக்கம் நகர்ந்தால் நான்கு விரல் அகலமாவது மிஞ்ச வேண்டும். பிறகு எல்லோரையும் இறக்கிவிட்டு, வாளியால் மொண்டு படகுக்குள் ஊற்றுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். விளிம்பு வரை நிறைந்த பிறகும் படகு மட்டமாக மிதந்து, பற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பேரைத் தாங்கினால் அது குழந்தைகளுக்கான படகு. ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டு மற்றது மூழ்கினால் இல்லை.

ஏன் சில மூழ்குகின்றன, சில மூழ்குவதில்லை? கயாக் செய்கிற பாலிஎத்திலீன் தண்ணீரைவிடச் சற்று லேசானது. உடைந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் மிதக்கும். ஃபைபர் கிளாசும் அலுமினியமும் தண்ணீரைவிடக் கனமானவை. அவற்றால் செய்த படகு, உள்ளே அடைத்த காற்றறையோ நுரையோ இருந்தால்தான் நிறைந்த பிறகு மிதக்கும். பழைய பைபர் படகில் கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரம் புகுந்த நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். அதனால் தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள புதுப் படகின் எடை என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். அமரத்தில் என்ஜின் மாட்டும் பலகை உள்ளே பிளைவுட். அதைக் கையால் அழுத்தி ஆட்டினால் அசையக் கூடாது.

கயாக் என்றால் உட்காரும் இடத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிற்காது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும்; பசை தடவி மறைத்த கீறல் அடுத்த பயணத்தில் திறக்கும். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்துப்போனதும் வேண்டாம். பெற்றோர் ஒருவர், பிள்ளை ஒன்று என்றால் மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான இரட்டைக் கயாக் என் முதல் தேர்வு. கவிழ்ந்தாலும் உள்ளே சிக்கிக்கொள்ள இடமில்லை, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

நால்வருக்கு என்றால் காற்றடைக்கும் படகு. இதில் படகும் உண்டு, பொம்மையும் உண்டு. நீச்சல் குளத்துக்கு என்று விற்கிற மெல்லிய பிளாஸ்டிக், ஒற்றைக் காற்றறை கொண்டது பொம்மை. கனத்த பிவிசித் துணியில், தனித்தனியாக மூன்று அறைகளாவது உள்ளதுதான் படகு; ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். அதைச் சோதிக்கச் சுலபமான வழி, ஓர் அறையின் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு எல்லோரும் ஏறிப் பார்ப்பது. வாங்குவதற்கு முன்னால் காற்றடித்து ஓர் இரவு விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் சற்றுத் தளர்ந்திருப்பது இரவுக் குளிரால் இருக்கலாம். தொய்ந்து கிடந்தால் ஓட்டை. சோப்புத் தண்ணீரைத் தையலிலும் வால்விலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பரணில் கிடந்தது என்றால் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள், எலி கடித்திருக்கும். வெளிநாட்டுப் படகில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று அச்சிட்ட தகடு இருக்கும். ஐரோப்பியப் படகில் ‘டி’ வகை என்றிருந்தால் அது அமைதியான நீர்நிலைக்கு மட்டும், முப்பது சென்டிமீட்டர் அலைக்குள் என்று அர்த்தம். நமக்கு அதுவே போதும்.

ஒகேனக்கல் பரிசல் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பரிசல் அகலமானது, சுலபத்தில் கவிழாது, மூங்கில் சட்டத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் போட்டுக் கிராமத்திலேயே பழுதுபார்க்கலாம். ஆனால் அதை நேர்வழியில் செலுத்தப் பழகிய கை வேண்டும்; நம் கையில் அது சுற்றிக்கொண்டே நிற்கும். பழைய பரிசலில் மூங்கில் உளுத்திருப்பதும் விரிப்புக்கு மேலே தெரியாது. பரிசலில் போக ஆசையிருந்தால் பரிசல்காரரோடு போங்கள்.

என்ஜின் வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளைகள் இறங்கி ஏறும் படகில் புரொப்பெல்லரும் பெட்ரோலும் எதற்கு? வேண்டும் என்றே நினைத்தால், ஓட்டுபவர் விழுந்தவுடன் என்ஜினை நிறுத்தும் கயிறு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காகிதமும் வேண்டும். 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலச் சட்டப்படி, ஆறு ஏரிகளில் ஓடும் என்ஜின் படகைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்துப் பதிவு நாடெங்கும் செல்லும். பதிவு இல்லாத என்ஜின் படகை விலை குறைவு என்று வாங்கினால், அந்த வேலையும் செலவும் உங்கள் தலையில்.

படகு பழையதாக இருக்கலாம், லைஃப் ஜாக்கெட் கூடாது. படகோடு இலவசமாகத் தருகிறேன் என்றால் வாங்கி ஓரமாக வையுங்கள். உள்ளே நுரை நைந்து பாதி மிதப்பை இழந்திருக்கலாம். பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிப் பிள்ளைக்குப் போடுவது போடாததற்குச் சமம். தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும். பிள்ளையின் எடைக்கு ஏற்றது, தலைக்குப் பின்னால் கழுத்துத் திண்டு உள்ளது, தொடைகளுக்கு இடையே வார் உள்ளது, தூக்கப் பின்பக்கம் கைப்பிடி உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். மேலே 50 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கானது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100 நியூட்டன் வேண்டும். அது முகம் மேலாக மிதக்க வைப்பதற்காகச் செய்தது. போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. பிறகு ஆழமில்லாத நீச்சல் குளத்தில், நீங்கள் பக்கத்தில் நிற்க, பிள்ளை அதோடு மிதந்து பழகட்டும். முதல் முறை பயந்து அழும்; அந்த அழுகை குளத்தில் முடிந்துவிடுவது நல்லது.

முதல் பயணத்தை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று திறந்த நீர்த்தேக்கங்களில் படகைக் கரைக்குத் திரும்பவிடாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை சொல்லாமல் வரும். காலையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதை எதிர்த்து முதலில் துடுப்புப் போடுங்கள். பிள்ளைகள் களைத்துத் தூங்கத் தொடங்கும்போது, திரும்பும் வழியில் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.